‘ஸாரி’ சொன்னால் மட்டும் போதுமா?

“தங்கச்சிகிட்ட ஸாரி சொல்லு!”

“ஸாஆஆரி...”

சுவரைப் பார்த்தபடி சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிறான் ஏழு வயது அண்ணன். அவன் கிழித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை இன்னும் தேம்பிக்கொண்டிருக்கிறாள். பெரியவர்களுக்குப் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை.

மன்னிப்பு கேட்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க, திருச்சிக்காரர்களுக்குக் கையருகிலேயே ஒரு திருவிழா இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் நடக்கும் பிரணய கலகம். மட்டையடி என்றும் சொல்வார்கள்.

பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் சென்று, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை சாதிப்பார். உத்திரத்தன்று அவர் தாயார் சந்நிதிக்கு வரும்போது ரங்கநாயகித் தாயாருக்குக் கோபம். கதவு சாத்தப்படும். பூவும் வெண்ணெயும் பறந்து வரும். தாயார் தரப்பில் கேள்வி மேல் கேள்வி. பெருமாள் தரப்பிலோ, மோதிரம் தொலைந்தது, தேடப்போனேன் என்று சமாதானம். கதவு திறப்பதாக இல்லை. கடைசியில் நம்மாழ்வார் வந்து பேசிய பிறகே தாயார் மனம் இரங்குவார். அப்புறம்தான் இருவரும் சேர்ந்து காட்சி தரும் சேர்த்தி. அது ஆண்டுக்கு ஒரே நாள்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். சாக்கு சொன்னால் கதவு திறக்காது என்பது அவர்களுக்கே புரியும்.

யூதர்களிடமும் இதே எண்ணம் உண்டு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் யோம் கிப்பூர் நாளில் சுமார் 25 மணி நேரம் உபவாசம் இருந்து இறைவனிடம் மன்னிப்பு கேட்பார்கள். ஆனால் சக மனிதருக்குச் செய்த தவறை அந்த நோன்பு தீர்க்காது. காயப்பட்டவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். அவர் மனம் இளகாவிட்டால் மூன்று முறை வரை முயல வேண்டும் என்பது அவர்கள் மரபு.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கோபம் தணியட்டும். அழுகைக்கு நடுவே வாங்கும் ஸாரி, தண்டனையாகத்தான் பிள்ளைக்குத் தோன்றும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு மற்றவர் மனசு அவ்வளவாகப் புரியாது. “பாப்பா அழறா பாரு, தடவிக் கொடு” என்பதே அந்த வயதுக்குப் போதும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் மூன்று விஷயம். என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும்: “உன் படத்தை நான் கிழிச்சுட்டேன்.” ‘ஆனா, அவதான் முதல்ல...’ என்ற வால் கூடாது. அடுத்து, சரிசெய்ய வேண்டும்: இருவரும் உட்கார்ந்து டேப் ஒட்டலாம். மூன்றாவது, அடுத்த முறை கோபம் வந்தால் என்ன செய்வான் என்று அவனையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அடிபட்ட பிள்ளையை, “அதான் ஸாரி சொல்லிட்டான்ல, சிரி” என்று அவசரப்படுத்தாதீர்கள். கதவைத் திறப்பது அவள் விருப்பம். நம்மாழ்வார் போல நடுவில் நின்று பேசுவது மட்டுமே நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. ஆபீஸ் எரிச்சலில் காரணமில்லாமல் பிள்ளையைத் திட்டிய அப்பா, இரவு பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா கத்தினது தப்புடா கண்ணா” என்று சொல்லட்டும். ஸாரி எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.