கணிப்பொறி யாருக்காகக் காத்திருக்கிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015-இல் வெளிவந்து பத்து ஆண்டுகள் வீடுதோறும் புழங்கிய இயங்குதளம் அது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 எல்லாக் கணிப்பொறியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். 2018-க்கு முன் வந்த லேப்டாப்கள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. நன்றாக ஓடும் பொருளைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? ஆகவே தில்லியில் நம்மவர்களில் சிலர் லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

அப்படி மாறியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லினக்ஸ் லேசானது, பழைய மெஷினிலும் பறக்கும் என்றார்களே! பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி கலந்து குடித்துவிட்டு வந்தாலும் திரை வரவில்லையே?"

கணிப்பொறித் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மெதுவாகத் தொடங்குகிற கணிப்பொறி எல்லாம் பலமிழந்த கணிப்பொறி அல்ல. வேலை செய்வதில் ஆகும் தாமதம் வேறு. வராத ஒன்றுக்காகச் சும்மா காத்திருப்பதில் ஆகும் தாமதம் வேறு. முதலாவதற்குப் பணம் செலவாகும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை போதும். எது என்று தெரியாமல் கடைக்கு ஓடுவதில்தான் நஷ்டம்.

டீச்சரம்மாவின் லேப்டாப்

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். நொய்டா, குர்கான், ஃபரீதாபாத் என்று சிதறிக் கிடக்கும் பதினைந்து பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலை லேப்டாப் வழியாகத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறார். கட்டணம் கிடையாது. அவருடைய லேப்டாப் 2015-இல் வாங்கியது. அக்காள் மகன் வந்து ஒரு லினக்ஸைப் போட்டான். அது பிடிக்காமல், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸையும் போட்டுப் பார்த்தான். பிறகு முதலாவதையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து தொல்லை. வகுப்பின் நடுவில் மெஷின் ஒருமுறை நின்றால், மறுபடி அவர் திரையில் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள். கடைக்காரர் ஒருவர், "மெஷினுக்கு வயசாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள், நாற்பதாயிரத்துக்குக் குறையாது" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"பென்ஷன் பணத்தில் அவ்வளவு முடியாது தம்பி. வகுப்பையே நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார் என்னிடம்.

"அவசரப்படாதீர்கள் டீச்சரம்மா, முதலில் நேரத்தை அளந்து பார்ப்போம்" என்றேன்.

நான்கு கட்டங்கள்

பொத்தானை அமுக்கியதிலிருந்து திரை வரும்வரை நான்கு கட்டங்கள் உண்டு. முதலில், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல் விழித்துக்கொண்டு உறுப்புகளைச் சோதிக்கிறது. இரண்டாவதாக, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் ஏற்றி. மூன்றாவது, இயங்குதளத்தின் கருவான கெர்னல். நான்காவது, நெட்வொர்க், ஒலி, திரை முதலான சேவைகள்.

இன்றைய லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை இந்தச் சேவைகளைத் தொடங்க சிஸ்டம்டி என்னும் ஏற்பாட்டைப் பயன்படுத்துகின்றன. அதுவே கணக்கும் வைத்துக்கொள்கிறது. டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று ஆங்கில எழுத்தில், நடுவில் சிறுகோடு போட்டு அடித்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைச் சொல்லிவிடும். அதோடு ஓர் இடம் விட்டு ‘பிளேம்’ என்று சேர்த்தால், எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் போடும்.

டீச்சரம்மாவின் லேப்டாப் சொன்ன கணக்கு இது: முதல் கட்டம் 6 வினாடி, ஏற்றி 11, கெர்னல் 38, சேவைகள் 135. ஆக மொத்தம் 190 வினாடி. மூன்று நிமிடம் பத்து வினாடி.

தொண்ணூறு வினாடியின் ரகசியம்

தொடங்கும்போது வட்டின் விளக்கைக் கவனித்தேன். வேலை நடந்தால் அது மினுக்க வேண்டும். இங்கே நீண்ட நேரம் அணைந்தே கிடந்தது. மெஷின் திணறவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அதிலேயே புரிந்துவிட்டது. அடுத்த முறை, முகப்புப் படம் வந்ததும் எஸ்கேப் விசையை அமுக்கினேன். படம் விலகி, பின்னால் ஓடும் வரிகள் தெரிந்தன. அதில் ஒரு வரி, நீண்ட எண்ணொன்றைக் காட்டி, ஒரு நிமிடம் முப்பது வினாடி வரை எண்ணிக்கொண்டே இருந்தது.

இந்த 90 வினாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு உறுப்பு வராவிட்டால் சிஸ்டம்டி அதற்காக வழக்கமாகக் காத்திருக்கும் கெடு அது. உண்மையான வேலைக்கு ஆகும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். தினமும் சொல்லிவைத்தாற்போல் அதே 90 வினாடி என்றால், அது வேலை அல்ல, காத்திருப்பு.

யாருக்காகக் காத்திருந்தது? வட்டில் ஸ்வாப் என்று ஒரு பகுதி ஒதுக்குவார்கள். நினைவகம் நிரம்பினால் வழிவதை வாங்கிக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்று தனி அடையாள எண் உண்டு. கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து நீளம். இரண்டாவது லினக்ஸைப் போட்டபோது அது ஸ்வாப் பகுதியை அழித்துப் புதிதாக அமைத்துவிட்டது. அதனால் எண் மாறிப்போயிற்று. முதல் லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்தான் இருந்தது. வீடு மாறியவரின் பழைய விலாசத்தில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது கணிப்பொறி. கெர்னல் கட்டத்திலும் இதே கதைதான். உறக்கத்திலிருந்து மீளும்போது பார்க்க வேண்டிய இடமாக அதே பழைய எண் ‘ரெஸ்யூம்’ என்ற கோப்பில் இருந்ததால், அங்கே 30 வினாடி வீண்.

கைவைக்கும் முன்

பரிகாரம் சுலபம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் தவறாக எழுதினால் கணிப்பொறி தொடங்காமலே போகலாம். ஆகவே:

1. உங்கள் ஆவணங்களையும் படங்களையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள்.

2. லினக்ஸ் நிறுவப் பயன்பட்ட யூஎஸ்பி குச்சியைக் கையருகே வையுங்கள். தொடங்காவிட்டால் அதன் வழியே உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

3. எஃப்எஸ்டேப் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள்.

4. ‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டும் இன்றைய எண்களையும் கோப்பில் உள்ள எண்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருப்பதை மட்டும் திருத்துங்கள்.

5. ரெஸ்யூம் கோப்பையும் திருத்தினால், ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருத்தம் நடைமுறைக்கு வராது.

இரண்டு எண்களைத் திருத்தியதும் 120 வினாடி மிச்சமாயிற்று. மூன்று நிமிடம் பத்து வினாடி, ஒரு நிமிடம் பத்து வினாடியாகக் குறைந்தது. செலவு ஒரு பைசா இல்லை. வகுப்பும் நிற்கவில்லை.

வட்டே மெதுவாக இருந்தால்

மீதியிருக்கும் ஒரு நிமிடம் உண்மையான வேலை. பழைய லேப்டாப்களில் இருக்கும் சுழலும் வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று. தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கும் அங்கும் தேடி எடுக்க வேண்டியிருப்பதால், முள் அலைவதிலேயே நேரம் போய்விடும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டில் இந்த அலைச்சல் கிடையாது. பழைய லேப்டாப்புக்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான பகுதிகள் கூடிக்கொண்டே போனால், தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. அது இயங்கும்போது, நாம் அணைத்தாலும் கெர்னலின் நிலை வட்டில் பத்திரமாக இருக்கும். மறுநாள் அதை எடுத்து விரிப்பதுதான் நடக்கிறது. லினக்ஸோ ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்கும். இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறக்கக்கூடாது. விண்டோஸ் 11-க்குப் போனவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். கூடவே தொடங்கும் நிரல்களில் வேண்டாதவற்றை அங்கேயே நிறுத்தலாம்.

எந்த இயங்குதளமானாலும் முறை ஒன்றுதான்: அளந்து பாருங்கள், அதிகம் தின்னும் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். நேரு பிளேஸுக்கு மெட்ரோ ஏறுவதற்கு முன் இந்த அரைமணி வேலையைச் செய்துவிட்டால், வாங்க வேண்டியது புதிய லேப்டாப்பா, ஒரு வட்டா, அல்லது ஒன்றுமே இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.