மடற்குழு அஞ்சல்கள் எரிதமாகத் தடுக்கப்படல்

மடற்குழு என்பது ஒரு பொது முகவரிக்கு வரும் மின்னஞ்சலைத் தன் உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு ஆகும். இவ்வஞ்சல்கள் சில வேளைகளில் பெறுநரின் எரித வடிகட்டியால் தடுக்கப்படுகின்றன. அஞ்சல் எரிதக் கோப்புறைக்குள் இடப்படலாம். அல்லது பெறும் வழங்கி அதனை ஏற்க மறுக்கலாம். முதல் வகையில் அனுப்பியவருக்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

காரணங்கள்

ஒரு மின்னஞ்சலில் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உள்ளன. ஒன்று, பயனர் காணும் அனுப்புநர் வரி. மற்றொன்று, வழங்கிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரி. இவற்றின் உண்மையை அறிய மூன்று முறைகள் பயன்படுகின்றன.

* எஸ்.பி.எஃப்.: உறை முகவரியின் ஆள்களத்திற்காக அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற ஐ.பி. முகவரிகளின் பட்டியல்.
* டி.கே.ஐ.எம்.: மடலின் உடலுக்கும் குறிப்பிட்ட தலைப்பகுதி வரிகளுக்கும் இடப்படும் எண்முறைக் கையொப்பம்.
* டிமார்க்: மேற்கண்டவற்றுள் ஒன்றாவது தேறி, அதன் ஆள்களம் அனுப்புநர் வரியின் ஆள்களத்துடன் பொருந்த வேண்டும் என்னும் விதி. தேறாத மடலை என்ன செய்வது என்பதையும் ஆள்கள உரிமையாளர் இதில் அறிவிக்கலாம்.

மடற்குழு மென்பொருள் உறை முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றுகிறது. ஆகவே எஸ்.பி.எஃப். தேறினாலும் ஆள்களம் பொருந்துவதில்லை. பொருள் வரியில் குழுவின் பெயரையோ மடலின் அடியில் குறிப்பையோ சேர்த்தால், எழுதியவரின் கையொப்பமும் செல்லாததாகிறது. இவ்வாறு நேர்மையான மடலும் போலி மடல் போலத் தோன்றுகிறது.

2014 நிகழ்வு

2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் தன் ஆள்களத்திற்கு 'நிராகரி' என்னும் டிமார்க் கொள்கையை அறிவித்தது. அதே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனமும் அவ்வாறே செய்தது. யாகூ பயனர்கள் மடற்குழுக்களுக்கு எழுதிய மடல்களை, டிமார்க் சரிபார்க்கும் வழங்கிகள் திருப்பி அனுப்பின. மடல்கள் தொடர்ந்து திரும்பியதால், பெறுநரின் முகவரியே பழுதானது எனக் கருதிய மடற்குழு மென்பொருள்கள் அப்பெறுநரின் உறுப்புரிமையை முடக்கின. எழுதியவர் ஒருவர், உறுப்புரிமை இழந்தவர் வேறொருவர்.

சிக்கலைக் கண்டறிதல்

1. திரும்பி வந்த மடலிலுள்ள மூன்று இலக்கக் குறியீட்டைக் காண வேண்டும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. வழங்கி பின்னர் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் நிலையான மறுப்பு.
2. மடல் திரும்பாவிடில், பெறுநர் எரிதக் கோப்புறையைத் தேட வேண்டும். கிடைத்த மடலின் தலைப்பகுதியில் மேற்கண்ட மூன்று சோதனைகளின் முடிவுகள் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.
3. ஒரே ஆள்களத்திலிருந்து எழுதுவோரின் மடல்கள் மட்டும் தடைபட்டால், அவ்வாள்களத்தின் டிமார்க் கொள்கையை நோக்க வேண்டும்.
4. அனைவரின் மடல்களும் தடைபட்டால், குழு வழங்கியின் ஐ.பி. முகவரி தடைப்பட்டியல்களில் உள்ளதா எனவும், அதன் எஸ்.பி.எஃப். பதிவு சரியாக உள்ளதா எனவும் சோதிக்க வேண்டும்.

தீர்வுகள்

குழு நிர்வாகி மடலில் எதையும் சேர்க்காமல் அனுப்பினால் மூலக் கையொப்பம் பிழைக்கும். அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியை இடுவது மற்றொரு வழி. ஆனால் எழுதியவரின் முகவரி அவ்வரியிலிருந்து மறைந்துவிடும். பெறுநர் தம் பங்கிற்குக் குழு முகவரியை முகவரிப் புத்தகத்தில் சேர்க்கலாம். எரிதக் கோப்புறைக்குள் சென்ற மடலை 'எரிதமன்று' எனக் குறிக்கலாம். எனினும் வழங்கியே மறுத்த மடலுக்கு இவை பயன்படா.

2019-இல் வெளியான ஏ.ஆர்.சி. என்னும் முறை, குழு மாற்றுவதற்கு முன் கிடைத்த சரிபார்ப்பு முடிவை மடலுடன் எடுத்துச் செல்கிறது. பெறும் வழங்கி அக்குழு வழங்கியை நம்பினால் மட்டுமே இது பயன்தரும்.