புற்றுநோயை எதிர்க்கும் வைரஸ்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்வோர் பலர் மலையேறச் செல்கின்றனர். மலையடிவாரமாகிய அலிபிரியோடு நின்றுவிடுவோரும் உளர். அங்கே டாட்டா அறக்கட்டளையின் முயற்சியால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனை 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவை புற்றுநோய்க்கு நெடுநாளாக வழங்கப்படும் சிகிச்சைகள். நம் உடலின் எதிர்ப்பாற்றலையே நோயின்மீது ஏவுவது புதிய முறை. நோய்க்கிருமி உடலுள் நுழைந்தால், காவலராகிய வெள்ளணுக்கள் அதனை அயலான் என்று கண்டுகொள்ளும். புற்றணுவோ நம் உடலணுவிலிருந்தே தோன்றுவது. ஆதலால் காவலர் அதனை வீட்டார் என எண்ணி விட்டுவிடுவதுண்டு.

இரத்தப் புற்றுநோயுற்ற பெண் ஒருவருக்கு, சளிக்காய்ச்சலுக்குப் பின் நோய் சிலகாலம் தணிந்ததை ஜார்ஜ் டாக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1904இல் எழுதினார். வைரஸால் புற்றணுவை அழிக்க இயலுமோ என்னும் ஐயம் அறிஞர்க்கு எழுந்தது. விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் தீய மரபணுக்களை நீக்கி, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மரபணு ஒன்றைச் சேர்த்தனர். ஊசி வழியே கட்டிக்குள் செலுத்தப்படும் இவ்வைரஸ், நல்லணுக்களில் பெருக இயலாது. புற்றணுக்களில் பெருகி அவற்றை வெடிக்கச் செய்யும். சிதறிய துணுக்குகளைக் கண்ட வெள்ளணுக்கள், பகைவனின் முகத்தை அப்போதுதான் அறிந்துகொள்ளும். தோல் புற்றுநோய் வகை ஒன்றுக்கு இம்மருந்தை அமெரிக்கா 2015இல் ஏற்றது. எனினும், உள்ளுறுப்புகளுக்குப் பரவிய கட்டிகளில் இதன் பயன் உறுதிப்படவில்லை.

நம் நாட்டில் வைரஸ் வேறொரு பணி செய்கிறது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சையில், நோயாளியின் வெள்ளணுக்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. எய்ட்ஸ் வைரஸிலிருந்து தீங்கு நீக்கி அமைத்த வைரஸ், புற்றணுவை அடையாளம் காட்டும் மரபணுவை அவற்றுள் கொண்டு சேர்க்கிறது. கடிதத்தைச் சேர்ப்பிக்கும் அஞ்சற்காரர் போன்றது அதன் வேலை. பின்னர் அவ்வணுக்கள் பெருக்கப்பட்டு, நோயாளியின் குருதியில் மீண்டும் செலுத்தப்படுகின்றன. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கான இச்சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதனைத் தொடங்கி வைத்தார்.

அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சைக்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இங்கு ஆகிறது. ஆயினும் அது பல இலட்சம் ரூபாய். சித்தூரில் மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கும் குடும்பத்துக்கு எட்டாத தொகை.