சாரல் வழியே ஒரு பாட்டுப் பயணம்

நேயர்களே, குற்றாலத்துக்குச் சாரல் நேரத்தில் வருகிறவர்கள் அருவியில் குளித்ததும் ஊர் திரும்பிவிட வேண்டாம். சுற்றுவட்டாரக் கிராமச் சாலைகளுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

காலையில் சுந்தரபாண்டியபுரம். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படமாக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. ஏ.ஆர். ரகுமானின் அந்த முதல் படப் பாடல்களைக் கேட்டபடியே போகலாம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும். வரப்பில் நின்றே படம் எடுங்கள், பயிரை மிதித்துவிடாதீர்கள்.

அடுத்தது செங்கோட்டை. உச்சக் குரலால் நாடக மேடையை ஆண்டு, 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர். அவருடைய பழைய இசைத்தட்டுப் பாடல் ஒன்றையாவது இங்கே கேளுங்கள்.

அங்கிருந்து கேரள எல்லையோரப் புளியறை. மலையடிவாரம்வரை பச்சை வயல். பெயர்பெற்ற தட்சிணாமூர்த்தி சன்னதி. வியாழக்கிழமை கூட்டம் இருக்கும். ஊரைத் தாண்டினால் 'எஸ்' வளைவு. சரக்கு லாரிகள் ஓயாமல் ஏறி இறங்கும் கொல்லம் சாலை இது. வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். பாட்டுச் சத்தத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அடிக்கும் ஹாரன் காதில் விழ வேண்டும்.

திரும்பும் வழியில் பண்பொழி திருமலைக் குமாரசுவாமியைக் கும்பிட்டு, இருட்டுவதற்குள் தென்காசி சேருங்கள். பயணம் இனிதாகட்டும்!