ஒரு நாளைக்கு 17 மணி நேரம்

“பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க” என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு கேட்கத் தோன்றாது. மாதம் திகையாமல் பிறந்த குழந்தைக்கு இன்குபேட்டரைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நம்பிப் பழகிவிட்டோம்.

1978-இல் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் ஒரு தாய்-சேய் மருத்துவமனையில் அந்தப் பெட்டிகளுக்கே தட்டுப்பாடு. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். தொற்றும் சேர்ந்தே பரவியது. எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் சின்னஞ்சிறு பிள்ளைகளை எடுத்து, தாய்மாரின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமக்கிற மாதிரி. இல்லாமையில் பிறந்த யோசனைதான்.

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. பழுப்புக் கொழுப்பு என்ற தனிவகைக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடேற வேண்டும். அந்தக் கொழுப்போ கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் நன்றாகச் சேரும். முன்கூட்டியே பிறந்த குழந்தையிடம் அது போதாது; தோலும் மெல்லியது, எடைக்குப் பார்த்தால் தோல் பரப்பும் அதிகம். உடம்பு சில்லிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். தாயின் நெஞ்சில் சூடு விடாமல் கிடைக்கிறது. பாலும் பக்கத்திலேயே இருக்கிறது.

இருந்தாலும், குழந்தையின் நிலைமை சீரான பிறகே கங்காரு முறை என்பதுதான் வழக்கமாக இருந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,211 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு இதைச் சோதித்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்களில் ஒரு சாராருக்குப் பிறந்தவுடனேயே தொடங்கினார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 12. காத்திருந்த பிரிவில் கிட்டத்தட்ட 16. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-இல் வெளியானது.

இதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட வேண்டியிருந்தது. பெற்றவளை ‘பார்வையாளர்’ கணக்கில் வைத்திருந்த வார்டுகளுக்கு இது சின்ன மாற்றமல்ல. முதல் பிரிவில் குழந்தை நெஞ்சில் இருந்தது நாளைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம், மற்றதில் ஒன்றரை.

அந்த 17 மணி நேரம் எங்கிருந்து வரும்? எனக்கு உடலியலைவிட இதுதான் பெரிய கேள்வி. ஹரியானாவில் 8,402 குழந்தைகளிடம் நடந்த, 2019-இல் வெளியான ஆய்வு, வீட்டிலேயே கங்காரு முறையைக் கடைப்பிடிக்க வைத்தது. முதல் மாத இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பேசியது தாயிடம் மட்டுமல்ல, குடும்பத்தாரிடமும். பச்சை உடம்புக்காரி பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும்போது அடுப்பை யார் பார்ப்பது, மூத்த பிள்ளையை யார் குளிப்பாட்டுவது?

உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். தாய் குளிக்கப் போகும்போது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம், பாட்டியும் வாங்கிக்கொள்ளலாம். தோலோடு தோல் ஒட்டியிருக்க வேண்டும், பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் வேண்டும், மூச்சுக்குத் தடையில்லாமல் முகம் ஒருபக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும்.