முதற் சிகிச்சையும் தாய்மொழியும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊரார் அதனைத் 'தொட்டாஸ்பத்திரெ' என்பர். 1924-இல் தோன்றிய மைசூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது அது. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில், இருபது வயது மகன் சில வாரங்களாக உறக்கமின்றி, அறையைத் தாழிட்டுக்கொண்டு, யாரோ தன்னை ஏசுவதாகக் கூறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அவனை அங்குள்ள மனநோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்கின்றனர். டாக்டர் கன்னடத்தில் வினவுகிறார். பையன் தமிழில் விடையிறுக்கிறான். இடையே நிற்பவர் மாமா.

"சுவருக்குள் ரெண்டு பேர் பேசுறாங்க, நான் நினைக்கிறதை எல்லாம் உடனே சொல்லிடுறாங்க" என்கிறான் பையன். மாமாவோ மானத்திற்கு அஞ்சி, "ஏதோ பயந்திருக்கிறான்" என்று மட்டும் கன்னடத்தில் சொல்லி முடிக்கிறார். சர்க்கார் கோப்புகளை மொழிபெயர்த்தே காலந்தள்ளும் நமக்கு இதனினும் பெரிய பிழை தோன்றவில்லை. அலுவலகத்தில் நாம் வாக்கியத்தைச் செப்பனிடுவோம். இங்கே அது கூடாது. உடைந்த பேச்சு உடைந்தபடியே டாக்டரிடம் சேர வேண்டும். சித்தப்பிரமையை அறிய நோயாளியின் பேச்சும் நடத்தையுமே தலையாய சான்றுகள். இரத்தப் பரிசோதனை செய்வதெல்லாம், தைராய்டுக் கோளாறு முதலிய உடல்நோய்களோ போதைப் பொருளோ காரணமா என்று பார்ப்பதற்கே. எடையும் சர்க்கரை அளவும் அப்போதே குறித்துக்கொள்ளப்படும். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

1952-இல் பாரிஸ் நகரில் மனநோயாளிகளுக்குக் குளோர்ப்ரோமசின் கொடுத்துப் பலன் கண்டனர். அதன் வழி வந்தவையே இன்றைய ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் முதலிய மருந்துகள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். உறக்கமும் அமைதியும் சில நாட்களில் திரும்பக்கூடும். குரல்கள் அடங்கப் பல வாரங்கள் ஆகலாம். இந்த இடைக்காலத்தில்தான் வீட்டார் மனந்தளர்ந்து, "மருந்து கேட்கவில்லை" என்று சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுகின்றனர். குலதெய்வத்தை வழிபட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரையும் உடன் செல்லட்டும். கைந்நடுக்கம், உடல் விறைப்பு, இருப்புக்கொள்ளாத தவிப்பு, அடங்காப் பசி, எடை மிகுதல் ஆகியவை தோன்றினால் டாக்டரிடம் உரைக்க வேண்டும். அவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். தெளிவு வந்ததும் தாமாகவே நிறுத்துவோர்க்கு நோய் மீளும் அபாயம் மிகுதி. ஓராண்டேனும், பலருக்கு அதற்கு மேலும், மருந்து தொடர வேண்டியிருக்கும்.

நோயின் தன்மை, சிகிச்சை, பக்க விளைவு ஆகியவற்றைத் தமக்கு விளங்கும் மொழியில் அறிந்துகொள்ள நோயாளிக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தந்துள்ளது. ஆதலின் "தமிழ் அறிந்த டாக்டரோ நர்ஸோ உண்டா?" என்று கேட்கத் தயங்க வேண்டா. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம்.

வீடு திரும்புமுன் மாத்திரையின் பெயர், உண்ணும் வேளை, மறுபடி வரவேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் குறித்துக்கொள்க. பையனே தன் கையால் எழுதினால் இன்னும் நன்று.