குதிரையின் முதுகும் ஏறுவோரின் பாரமும்

கொல்கத்தா நகரின் மைதானப் பெருவெளியில், விக்டோரியா நினைவு மண்டபத்திற்கு அண்மையில், இருவகைக் குதிரைகள் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்து வந்துள்ளன. வேலிக்கு உட்புறம் நிற்பவை பந்தயக் குதிரைகள். வெளிப்புறம் நிற்பவை, வேடிக்கை பார்க்க வரும் மக்களை ஏற்றிச் செல்லவும் அலங்கார வண்டிகளை இழுக்கவும் கூலிக்கு நிறுத்தப்படுபவை. 1847-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் பந்தயத்திடலில், குதிரைமீது ஏறும் ஜாக்கி பந்தயத்திற்கு முன்னர்ச் சேணத்தோடு தராசில் நிறுக்கப்படுகிறார். பந்தயம் முடிந்தபின் மீண்டும் நிறுக்கப்படுகிறார். அரைக் கிலோ வேறுபாடும் அங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது. வேலிக்கு வெளியிலோ, கூலியைக் கொடுத்தவர் எவராயினும் ஏறலாம். அவர் எடை என்னவென்று கேட்பாரும் இல்லை. குதிரையின் எடை என்னவென்று அறிவாரும் இல்லை.

பந்தயத்தில் எடை பார்ப்பது குதிரையின் நலம் கருதியன்று. போட்டி நேர்மையாக நடைபெற வேண்டும் என்பதற்காகவே. ஆயினும் அதன் பயனாக, ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரை பெரும்பாலும் 50 முதல் 60 கிலோ வரையிலான பாரத்தையே சுமக்கிறது. இது அதன் உடலெடையில் எட்டில் ஒரு பங்கு அளவேயாகும். அதில் பாதி எடையும் இல்லாத மட்டக்குதிரை, கூலிச் சவாரியில் இதனினும் மிகுந்த பாரத்தைச் சுமக்க நேரிடுகிறது. ஒரு குதிரைக்கு எவ்வளவு பாரம் தகும் என்பதை எங்ஙனம் கண்டறிவது? தராசும் மருத்துவக் கருவிகளும் இல்லாத இடத்திலும் இவ்வினாவிற்கு விடை காண இயலும். சென்னைக் கடற்கரையிலும், உதகமண்டலத்திலும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக் குதிரைகளைக் காணும் நம் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அம்முறையை அறிந்திருத்தல் பயன் தரும்.

சட்டம் கூறும் அளவு

விலங்குகளின் பாரத்தைப் பற்றிய கவலை கொல்கத்தாவிற்குப் புதிதன்று. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரின் முயற்சியால் 1861-ஆம் ஆண்டிலேயே அந்நகரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. 1873-இல் சியால்டாவிற்கும் ஆர்மீனியன் படித்துறைக்கும் இடையே குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி முதன்முதலாக ஓடியது. 1902-இல் மின்சார டிராம் வந்தபின்னரே அப்பாரம் குதிரைகளை விட்டு நீங்கத் தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்றபின், ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. மிகையாகச் சவாரி செய்தலும் மிகையாகப் பாரம் ஏற்றலும் அச்சட்டத்தின்படி குற்றங்களாகும்.

அச்சட்டத்தின்கீழ் 1965-இல் இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் உரிய விதிகள் வகுக்கப்பட்டன. முதுகுச் சுமையாக மட்டக்குதிரைக்கு 70 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவும், கழுதைக்கு 50 கிலோவும் உச்ச அளவுகளாகும். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலோ, இடைவிடாது 5 மணி நேரத்திற்கு மேலோ வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளித்தல் வேண்டும்.

இவ்விதிகளைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. எனினும் சட்டம் தரும் எண் ஒரு மேல்வரம்பே. அது எல்லா விலங்கிற்கும் பொருந்தும் அளவுகோல் அன்று. மட்டக்குதிரை என்னும் ஒரே பெயரில் 180 கிலோ எடையுள்ளதும் அடங்கும். 300 கிலோ எடையுள்ளதும் அடங்கும். இரண்டிற்கும் 70 கிலோ ஒரே வகையான பாரமாகாது. ஆதலின் கணக்கைக் குதிரையிலிருந்து தொடங்க வேண்டுமேயன்றிச் சுமையிலிருந்து தொடங்குதல் தகாது.

இழுத்தல் வேறு, சுமத்தல் வேறு

வண்டியில் ஏற்றிய பாரத்தின் பெரும்பகுதியைச் சக்கரங்கள் தாங்குகின்றன. குதிரை அதனை நகர்த்த மட்டுமே வலிமையைச் செலவிடுகிறது. ஆதலால் சமதளத்தில் தன் எடைக்கு மேற்பட்ட பாரத்தையும் அதனால் இழுக்க முடிகிறது. முதுகில் ஏற்றிய பாரமோ முழுவதும் முதுகெலும்பின்மேல் அமர்கிறது. குதிரையின் முதுகெலும்பு முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே ஒரு பாலத்தைப் போல் அமைந்துள்ளது. நடுவில் தாங்கும் தூண் யாதுமில்லை. தசைகளும் தசைநார்களுமே அதனை நிமிர்த்தி நிறுத்துகின்றன. மேலும், குதிரை ஓடுங்கால் பாரம் அசைவற்று இருப்பதில்லை. நடையின்போது ஏறியவரின் எடையைச் சற்றே மிஞ்சிய விசைதான் முதுகின்மேல் விழும். துள்ளோட்டத்தின்போது அது இரண்டு மடங்கிற்கும் மேலாக உயர்கின்றது.

எவ்வளவு தகும் என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் வரம்பு, குதிரையின் உடலெடையில் 20 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்கக் குதிரைப் படையினர் 1920-ஆம் ஆண்டிலேயே இவ்வளவினைக் கைக்கொண்டிருந்தனர். 2008-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று அளித்தது. எட்டுக் குதிரைகள் தத்தம் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரங்களை வெவ்வேறு முறை சுமந்தன. 25, 30 விழுக்காடு சுமந்தபோது நாடித் துடிப்பு தெளிவாக உயர்ந்தது. தசைகளில் நோவும் இறுக்கமும் மிகுந்தன. இடுப்பு அகன்ற குதிரைகளில் அந்நோவு குறைவாகவே காணப்பட்டது.

20 விழுக்காடு மாறாத விதியன்று. ஐஸ்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் உடல் திரண்ட சிறு குதிரையினங்கள் இதனினும் மிகுந்த பாரத்தைக் குறுகிய தொலைவு சுமப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் பாரம் ஏற ஏற அவற்றின் நாடியும் குருதியிலுள்ள லாக்டிக் அமிலமும் உயரக் காணலாம். மறுபுறம், 2019-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில் ஆறு குதிரைகள்மீது வெவ்வேறு எடையுள்ள நால்வர் ஏறினர். பாரம் மிகுந்த இருவர் ஏறிய சோதனைகள் யாவும், குதிரைகள் தற்காலிகமாக நொண்டியதாலோ வலிக்குறி காட்டியதாலோ இடையிலேயே நிறுத்தப்பட்டன. அவ்விருவருள் ஒருவரின் எடை 20 விழுக்காட்டை எட்டவும் இல்லை. சேணம் பொருந்தாமையும் அதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர் கருதினர். எனவே ஐந்தில் ஒரு பங்கு என்பதை இலக்காகக் கொள்ளாமல், கடக்கலாகாத எல்லையாகக் கொள்வதே அறிவுடைமை.

நாடாவைக் கொண்டு எடை காணல்

குதிரையின் எடையை அறியத் தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்றே போதும். குதிரையைச் சமதரையில் நான்கு கால்களையும் நேராக ஊன்றி நிற்கச் செய்க. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டை ஒட்டி, நெஞ்சைச் சுற்றி நாடாவை இட்டு, குதிரை மூச்சை வெளிவிட்டபின் சுற்றளவைக் குறித்துக் கொள்க. அடுத்து, தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரையுள்ள நீளத்தை அளந்திடுக. இரண்டும் சென்டிமீட்டரில் இருத்தல் வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, வந்ததை 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோகிராமில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மட்டக்குதிரை ஒன்றின் நெஞ்சுச் சுற்றளவு 140 செ.மீ.; நீளம் 125 செ.மீ. என்க. 140-ஐ 140-ஆல் பெருக்க 19,600. அதனை 125-ஆல் பெருக்க 24,50,000. 11,880-ஆல் வகுக்க ஏறத்தாழ 206 கிலோ. இதில் ஐந்தில் ஒரு பங்கு 41 கிலோ. சேணம், அதன் கீழ் இடும் விரிப்பு, கடிவாளம் ஆகியவை 8 கிலோ எனக் கொண்டால் எஞ்சுவது 33 கிலோ. அதாவது, இக்குதிரை ஒரு சிறுவனையோ சிறுமியையோ சுமக்கத் தக்கது. 65 கிலோ எடையுள்ள பெரியவர் இதன்மேல் ஏறினால் சேணத்தோடு பாரம் 73 கிலோவாகும். அது குதிரையின் எடையில் 35 விழுக்காடு. சட்டத்தின் 70 கிலோ வரம்பையும் கடந்தது.

காவற்படையின் சவாரிக்கு ஏற்ற பெரிய குதிரை ஒன்றையும் நோக்குவோம். சுற்றளவு 180 செ.மீ., நீளம் 160 செ.மீ. எனின் அதன் எடை ஏறத்தாழ 436 கிலோ; அதற்குத் தகும் பாரம் 87 கிலோ. 70 கிலோ எடையுள்ள காவலரும் 15 கிலோ சேணமும் சேர்ந்து 85 கிலோ. எல்லைக்குள் உள்ளதாயினும் எல்லையை ஒட்டியே உள்ளது. நாடா தருவது மதிப்பீடே. ஆதலால் ஐயம் தோன்றுமிடத்தில் எண்ணைக் குறைத்துக் கொள்வதே முறை.

எண்ணுக்கு அப்பால் காண வேண்டியவை

முதலாவது, உடல்நிலை. கொழுப்பு ஏறிய குதிரையின் எடை கூடுமேயன்றி வலிமை கூடாது. அக்கொழுப்பும் ஒரு சுமையே. விலா எலும்புகளும் இடுப்பெலும்புகளும் புடைத்துத் தோன்றும் மெலிந்த குதிரைமேல், அதன் ஐந்தில் ஒரு பங்கு எடையும் ஏற்றுதல் தகாது. சினைப்பட்டதும், நோயுற்றதும், நொண்டுவதும் அவ்வாறே.

இரண்டாவது, வயது. குதிரையின் முதுகெலும்பில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் ஐந்து வயதிற்குப் பின்னரே முழுமையாக இறுகுகின்றன. உருவில் வளர்ந்ததுபோல் தோன்றும் இளங்குதிரையின் முதுகு உண்மையில் முதிராததாக இருக்கலாம்.

மூன்றாவது, சேணம். அது முதுகின் இருபுறத் தசைகளின்மேல் அமர வேண்டும். நடுவிலுள்ள முதுகெலும்பைத் தொடலாகாது. சேணத்தைக் கழற்றியதும் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும். புண், வீக்கம், மயிர் உதிர்ந்த இடம், பழைய புண் ஆறிய இடத்தில் முளைத்த வெண்மயிர் ஆகியவை பாரம் ஓரிடத்தில் குவிந்ததற்குச் சான்றுகளாம்.

நான்காவது, ஏறுபவரின் பழக்கம். நிலைதவறித் துள்ளி விழும் ஒருவர், அதே எடையுள்ள தேர்ந்தவரைவிடக் குதிரைக்கு மிகுந்த துன்பம் தருவார். வேடிக்கைச் சவாரியில் ஏறுவோர் பெரும்பாலும் பழக்கமற்றவர்களாதலின், அங்கே எல்லையை மேலும் குறைத்தல் வேண்டும். இருவரை ஒருங்கே ஏற்றுதல் அறவே கூடாது.

ஐந்தாவது, தட்பவெப்பம். குதிரை வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவதில்லை. வெப்பத்தைப் பாரன்ஹீட் அளவிலும் ஈரப்பதத்தை விழுக்காட்டிலும் கொண்டு இரண்டையும் கூட்டினால் 150-க்கு மேற்படும் நாட்களில் குளிர்விக்கும் ஆற்றல் குன்றுகிறது. 180-ஐ நெருங்கினால் அது ஏறக்குறைய இல்லாமற் போகிறது. 35 டிகிரி செல்சியஸ் என்பது 95 பாரன்ஹீட். ஈரப்பதம் 70 எனின் கூட்டுத்தொகை 165. கொல்கத்தாவின் கோடையிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் இது வியப்பன்று. சென்னைக்கும் இது பொருந்தும். இத்தகைய நாட்களில் விதிகள் கூறும் 37 டிகிரி வராவிடினும் ஓய்வும் நிழலும் நீரும் தேவை.

குதிரையே கூறும் விடை

கணக்கு சரியா என்பதை இறுதியில் குதிரையிடமே கேட்டறிய வேண்டும். ஓய்வாக நிற்கும் முதிர்ந்த குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை. மட்டக்குதிரைக்குச் சற்று மிகலாம். மூச்சு 8 முதல் 16 வரை. தாடையின் கீழ் விரல்வைத்தோ, இடது முழங்கைக்குப் பின்னால் செவிவைத்தோ நாடியை எண்ணலாம். சவாரி முடிந்து 10 முதல் 15 நிமிடங்களுக்குள் நாடி 60-க்குக் கீழ் இறங்குதல் வேண்டும். இறங்கவில்லையெனின் பாரமோ, ஓட்டமோ, வெப்பமோ மிகையாயிற்று என்று கொள்க. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே தட்டையாக வேண்டும். மடிந்து நின்றால் உடலில் நீர் குறைந்துள்ளது. ஏறும்போது முதுகைத் தாழ்த்துதல், காதுகளைப் பின்மடித்தல், வாலை ஓயாது வீசுதல், அடியெடுப்பு குறுகுதல், தடுமாறுதல் ஆகியவற்றைக் குறும்பு என்று எண்ணி அடித்தல் தவறு. அவை பெரும்பாலும் வலியின் மொழியாகும்.

செய்யத் தக்கவை

கொல்கத்தாவின் வண்டிக் குதிரைகள், சவாரிக் குதிரைகள் ஆகியவற்றின் நிலை அண்மை ஆண்டுகளில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மும்பையில் 2015-இல் உயர் நீதிமன்றம் வேடிக்கைக் குதிரைவண்டிகளைச் சட்டத்திற்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. குதிரைக்கு உரியவரும் பெரும்பாலும் ஏழை என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது. ஒரு சவாரிக் கூலியை இழக்க அஞ்சிப் பாரமானவரை ஏற்றுபவர், குதிரை நொண்டியபின் பல வாரங்களின் வருவாயை இழக்கிறார். அச்சுறுத்துவதைக் காட்டிலும் இக்கணக்கை அவருக்கு எடுத்துக் காட்டுவதே பயன் தரும். சவாரி நிலையத்தில் ஓர் எடைக் கருவியை வைத்து, ஒவ்வொரு குதிரைக்கும் தகும் உச்ச எடையை அதன் சேணத்திலேயே எழுதி வைக்கலாம். மறுக்கும் பொறுப்பு அப்போது குதிரைக்காரரை விட்டு எண்ணுக்கு மாறும். வந்தவரும் மனம் நோக மாட்டார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விழுக்காட்டுக் கணக்காகக் கற்பிக்கலாம். மாணவர் தம் புத்தகப் பையை நிறுத்து, அது தம் எடையில் எத்தனை விழுக்காடு என்று காணட்டும். பின்னர் 206 கிலோ மட்டக்குதிரையின் கணக்கைச் செய்யட்டும். களப்பணியாளர் தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு சவாரிக் குதிரைக்கும் ஓர் ஏட்டில் சுற்றளவு, நீளம், எடை, தகும் பாரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நலம். தீவனம் குறையும் காலங்களில் எடையும் குறையுமாதலால், இவ்வளவுகளை மாதம் ஒருமுறை மீண்டும் எடுத்துத் திருத்த வேண்டும்.